வேதமொழிக் கல்வியில் நவீன தொழில்நுட்பம்: மலையகத்திற்கும் திறக்க வேண்டிய வாசல்

ஆலயத்தில் வாசிக்கப்படும் வேதாகமம் தமிழில் எழுதப்பட்டதன்று, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுமன்று. பழைய ஏற்பாடு எபிரேய மொழியிலும், தானியேல், எஸ்றா ஆகிய நூல்களின் சில பகுதிகள் அரமேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டன. இவ்வுண்மையைக் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலானோர் அறிவர். எனினும், அம்மொழிகளின் ஓர் எழுத்தையேனும் அடையாளங்காணக் கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. இதற்கு மாறாக, முஸ்லிம் வீட்டுப் பிள்ளையொன்று பாடசாலைக்குச் செல்லும் வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் 'அலிப், பே' எனத் தொடங்கித் தன் வேதத்தின் மூலமொழியை உச்சரிக்கப் பழகிவிடுகின்றது. பொருள் விளங்கிக் கற்பவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் மூலத்தின் ஓசையும் எழுத்தும் அப்பிள்ளைக்கு அந்நியமானவையல்ல.

எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்க வேண்டுமாயின் இறையியற் கல்லூரியொன்றில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும் என்பதே அண்மைக்காலம் வரை இருந்த நிலைமையாகும். இன்று அந்நிலைமை மாறியுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைக் கையடக்கத் தொலைபேசியின் திரையில் பார்க்கவும், ஒரு சொல்லை விரலால் தொட்டு அதன் வேரையும் இலக்கணத்தையும் அறியவும் முடிகின்றது. இவ்வசதி கொழும்புக்கும் கண்டிக்கும் மட்டும் உரியதா, அல்லது பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தை நோக்கிச் செல்லும் மலைப்பாதையிலுள்ள பூனாகலைத் தோட்டத்து இளைஞனுக்கும் உரியதா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

நம் மண்ணில் ஒரு மரபு

வேதமொழிகளைக் கற்பது மேனாட்டாரின் பணி என்ற எண்ணம் சரியானதன்று. தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு வந்த சீகன்பால்க், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கம் செய்து 1715ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்தார் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ என்பவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் கொழும்புச் செமினறியில் பயின்று, எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளில் தேர்ச்சி பெற்ற அவர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அது 1759ஆம் ஆண்டு கொழும்பில் அச்சேறியது. சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்ற நூலில் தமிழ்ப் புலவர்களின் வரிசையில் அவருக்கும் இடமளித்துள்ளார்.

அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் நடைபெற்ற வேதாகம மொழிபெயர்ப்பில், சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர் பங்குகொண்டமை வரலாற்றுப் புகழ் பெற்ற செய்தியாகும். சமயம் வேறாயினும் மொழிப்பணியில் ஒன்றிணையலாம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை. தமிழகத்தில் கத்தோலிக்கரும் ஏனைய திருச்சபையினரும் இணைந்து 1995ஆம் ஆண்டு வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் அந்த மரபின் தொடர்ச்சியே எனலாம்.

மலையகத்தின் நிலைமை சற்று வேறானது. தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஊழியம் செய்வதற்கென 1854ஆம் ஆண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. தோட்டந்தோறும் நடந்து சென்று லயன் வாசல்களில் வேதம் வாசித்துக் காட்டியவர்கள் உபதேசியார்களே. அவர்கள் தம் கையிலிருந்த தமிழ் மொழிபெயர்ப்பையே இறுதி ஆதாரமாகக் கொண்டிருந்தனர். மூலமொழி கற்கும் வாய்ப்பு அவர்களை எட்டவில்லை. 1963ஆம் ஆண்டு பிலிமத்தலாவையில் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் இறையியலைப் போதித்து இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆயினும், குடும்பத்தைவிட்டு அங்கு சென்று தங்கிப் படிக்கக் கூடியவர்கள் ஒரு சிலரே. கொழுந்து பறித்தோ, கொழும்பில் கடைச்சிப்பந்தியாக வேலை செய்தோ குடும்பத்தைத் தாங்கும் ஒருவருக்கு அவ்வாய்ப்பு எட்டாக்கனியாகும்.

அரபு அறிந்தவருக்கு எபிரேயம் தூரமில்லை

எபிரேயமும் அரமேயமும் அரபும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த சகோதர மொழிகளாகும். மூன்றிலும் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துக்களைக் கொண்ட வேரிலிருந்து பிறக்கின்றன. அரபில் 'ஸலாம்' என்பது எபிரேயத்தில் 'ஷாலோம்' ஆகின்றது. அரசனைக் குறிக்கும் 'மலிக்', 'மெலெக்' ஆகின்றது. வீட்டைக் குறிக்கும் 'பைத்', 'பயித்' எனவும், நாளைக் குறிக்கும் 'யவ்ம்', 'யோம்' எனவும், தலையைக் குறிக்கும் 'ரஃஸ்', 'ரோஷ்' எனவும், நாவைக் குறிக்கும் 'லிஸான்', 'லாஷோன்' எனவும் வழங்குகின்றன. அரபின் 'ஸீன்' வரும் பல சொற்களில் எபிரேயத்தில் 'ஷீன்' ஒலிப்பதைக் கவனிக்கும் மாணவர், அகராதியைப் புரட்டாமலே பல சொற்களை ஊகித்துவிடுவார். வலமிருந்து இடமாக எழுதுவதும், உயிரொலிகளை மேலும் கீழும் குறிகளாக இடுவதும் இரு மொழிகளுக்கும் பொதுவானவையாகும்.

இந்த உறவு அறிஞர் உலகிற்குப் புதியதன்று. எபிரேய வினைச்சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்தே பிறக்கின்றன என்பதை முறையாக நிறுவியவர், பத்தாம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினின் கொர்டோவா நகரில் வாழ்ந்த யூத அறிஞர் யெகூதா ஹய்யூஜ் ஆவார். அரபு இலக்கணிகளின் முறையைப் பின்பற்றிய அவர், தமது நூல்களையும் அரபு மொழியிலேயே எழுதினார். ஆகவே, உலகெங்கும் இன்று போதிக்கப்படும் எபிரேய இலக்கணத்தின் அடித்தளத்தில் அரபு இலக்கண மரபு உள்ளது.

இஸ்லாமிய வரலாறும் இதற்கு முன்மாதிரியொன்றைத் தருகின்றது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்கள் அதனை அரை மாத காலத்திற்குள் கற்றுக்கொண்டதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகிய வேதங்களைக் குர்ஆன் பெயர் கூறிக் குறிப்பிடுகின்றது. பிறர் வேதத்தின் மொழியை அறிவது தம் நம்பிக்கைக்கு ஊறு விளைவிக்கும் என அக்கால முஸ்லிம்கள் அஞ்சவில்லை என்பது இதனாற் புலனாகின்றது.

நம் முன்னோர் தமிழையே அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்தவர்கள். ஒரு மொழியின் ஒலியை வேறொரு மொழியின் எழுத்தில் நிறுத்தும் நுட்பம் அவர்களுக்குக் கைவந்திருந்தது. கணனி வல்லுநர்கள் இன்று செய்யும் எழுத்துப்பெயர்ப்புப் பணியின் முன்னோடியாக அரபுத்தமிழைக் கொள்ளலாம்.

தமிழ் தரும் அனுகூலம்

தமிழ் மாணவருக்கும் இயல்பான அனுகூலங்கள் உண்டு. கிரேக்கப் பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறுவது ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குப் பெரும் சுமையாகத் தோன்றுகின்றது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளிப் பருவத்திலேயே கற்கும் தமிழ் மாணவருக்கு அது புதுமையன்று. 'வந்தான்', 'வந்தாள்' என வினைமுற்றே ஆண்பால் பெண்பாலைக் காட்டுவது போல எபிரேய வினையும் காட்டும். எபிரேயத்தின் பழைய பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லாமையைக் கண்டு வியப்பவர்கள், நம் ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை என்பதை நினைவு கொள்ளலாம். வாசிப்பவரே இடமறிந்து ஒலியை நிரப்பிக்கொண்டனர்.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களும் மூலத்தை நாடும்போதே விளங்கும். தமிழில் 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கும். 'நாங்கள்' என்பது அவரை விலக்கும். கிரேக்கத்தில் இவ்வேறுபாடு இல்லை. புயலில் அகப்பட்ட படகிலிருந்து சீடர்கள் இயேசுவை எழுப்பி, அழிந்துபோகும் நிலையைக் கூறும் இடத்தில், அவர்கள் இயேசுவையும் சேர்த்துக் கூறினார்களா, தங்களை மட்டும் கூறினார்களா என்பதைக் கிரேக்கம் தீர்மானிக்கவில்லை; தமிழ் மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்க வேண்டியுள்ளது. இத்தகைய தெரிவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மொழிபெயர்ப்பை மட்டும் வாசிப்பவர், அங்கு ஒரு தெரிவு நிகழ்ந்துள்ளது என்பதையே அறியார்.

பழந்தமிழுக்கும் எபிரேயத்திற்கும் வணிகத் தொடர்பும் உண்டு. சாலொமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கியீம்' என்ற எபிரேயச் சொல், தமிழின் 'தோகை'யிலிருந்து வந்தது எனக் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக அறிஞர் கயீம் ராபின் இவ்வாய்வைப் பின்னர் விரிவாக்கினார். அதே வேளையில், ஓசை ஒற்றுமை யாவும் உறவாகாது என்பதையும் மனங்கொள்ள வேண்டும். அரமேயத்தில் தந்தையைக் குறிக்கும் 'அப்பா' நம் 'அப்பா'வைப் போலவே ஒலிப்பது தற்செயலேயன்றி, இரு மொழிகளும் ஒன்றென்பதற்குச் சான்றன்று.

தொழில்நுட்பம் ஏற்படுத்திய மாற்றம்

ஒவ்வொரு பத்திரிகையின் இணையத்தளத்தையும் வாசிக்க ஒவ்வோர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியிருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991ஆம் ஆண்டு வெளியான யூனிகோட் முறைமை தமிழ், அரபு, எபிரேயம், கிரேக்கம் ஆகிய யாவற்றுக்கும் தனித்தனி இலக்கங்களை வழங்கியது. அம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட பின்னரே ஒரே பக்கத்தில் இந்நான்கு எழுத்துக்களும் குழப்பமின்றித் தோன்றக்கூடியதாயிற்று. ஏனைய வசதிகள் அனைத்துக்கும் இதுவே அத்திவாரமாகும்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கிரேக்கப் பிரதி இலண்டன், லைப்சிக், சென் பீற்றர்ஸ்பேர்க், சினாய் மலை மடம் ஆகிய நான்கு இடங்களிற் சிதறிக் கிடக்கின்றது. 2009ஆம் ஆண்டு அதன் பக்கங்கள் இணையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1947ஆம் ஆண்டு முதல் கண்டெடுக்கப்பட்ட சாக்கடற் சுருள்களில் ஏசாயாச் சுருள் உள்ளிட்டவை 2011ஆம் ஆண்டு முதல் இணையத்திற் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. கேம்பிரிட்ஜிலுள்ள டின்டேல் ஹவுஸ் ஆய்வகம் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் என்ற இலவச மென்பொருளில், மூலச் சொல்லைத் தொட்டவுடன் அதன் பொருளும், அது வரும் ஏனைய இடங்களும் தோன்றும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆனிய அரபுத் தரவகமும் இதே போன்றதே. குர்ஆனின் 77,430 சொற்களுக்கும் வேர், சொல்வகை, வாக்கிய உறுப்பு ஆகியவற்றை அது இலவசமாகத் தருகின்றது.

கற்பித்தல் முறையிலும் மாற்றம் ஏற்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஆலெப் வித் பெத்' என்ற யூரியூப் தொடரில் ஆசிரியை எபிரேயத்தை எபிரேயத்திலேயே கற்பிக்கின்றார். பொருளைக் கையில் எடுத்துக் காட்டியும், நடித்துக் காட்டியும், குழந்தை தாய்மொழியைக் கற்பது போலவே மாணவரைப் பழக்குகின்றார். ஆங்கிலம் அறியாதவருக்கு இது பெருங்கொடையாகும். ஏனெனில் ஏனைய பாடநூல்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே எபிரேயத்திற்கு அழைத்துச் செல்கின்றன.

சொற்களை மனனம் செய்வதற்கும் கணனி வழிகாட்டுகின்றது. கிரேக்கப் புதிய ஏற்பாடு ஏறத்தாழ 1,38,000 சொற்களைக் கொண்டது. எனினும், 50 தடவைக்கு மேல் வரும் சுமார் 310 சொற்களே அதன் 80 சதவீதத்தை நிரப்பிவிடுகின்றன. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் வீதம் கற்றால் இரண்டு மாதங்களில் அவற்றைக் கண்டுவிடலாம். மறக்கும் தறுவாயில் உரிய சொல்லை மீண்டும் கேட்கும் அங்கி போன்ற இலவச மென்பொருள்கள், கண்ட சொற்களை மனதில் நிலைநிறுத்த உதவுகின்றன.

மலையை எட்டாத அலைவரிசை

இவ்வளவும் இருந்தும் மலையகத்திற்கு இவை வந்து சேர்ந்துவிட்டன எனக் கூற முடியாது. கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணைய இணைப்பைத் தேடிக் காட்டு வழியே பாறையுச்சிக்கு ஏறிச் சென்ற செய்தி 2021ஆம் ஆண்டு உலக ஊடகங்களில் வெளியாயிற்று. ஆகவே, எப்போதும் இணைய இணைப்பைக் கோரும் எந்தத் திட்டமும் தோட்டப்புறத்திற்குப் பொருந்தாது. ஒருமுறை தரவிறக்கிய பின் இணைப்பின்றியே இயங்கும் அண்ட்பைபிள், ஈ-சுவோர்ட் போன்ற இலவச மென்பொருள்களும், நினைவட்டையிற் பதிந்து கைமாற்றக்கூடிய ஒலிப் பாடங்களுமே இங்கு பயன்தரும்.

இரண்டாவது தடை ஆங்கிலமாகும். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து எபிரேயத்திற்கும் என இரு படிகளை ஏற வேண்டிய மாணவர் முதற்படியிலேயே களைத்து விடுகின்றார். இதனை நீக்குவதற்கான மூலப்பொருட்கள் ஏற்கனவே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. சொல்லுக்குச் சொல் இலக்கணம் குறிக்கப்பட்ட எபிரேய மூலபாடத்தை ஓபன் ஸ்கிரிப்சர்ஸ் குழுவினர் திறந்த உரிமத்தில் வழங்கியுள்ளனர். இந்தியாவின் பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொலூஷன்ஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் வேதாகமத் திருத்தப் பதிப்பும் திறந்த உரிமத்தில் உள்ளது. இவ்விரண்டையும் சொல்லுக்குச் சொல் இணைத்துத் தமிழ் விளக்கம் எழுதுவதற்கு எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை. வேண்டியிருப்பது மொழியறிந்தோரின் உழைப்பு மட்டுமே. 1812ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கை வேதாகமச் சங்கமும், பிலிமத்தலாவைக் கல்லூரியும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடமும் இணைந்தால், செமித்திய மொழிகளுக்கான ஒரு தமிழ் வாசலையே அமைத்துவிடலாம்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிவரும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எபிரேய வினா எதற்கும் தயங்காமல் தமிழில் விடையளிக்கின்றன. அவ்விடை சரியாகவும் இருக்கலாம். இல்லாத வேரையும் வராத வசனத்தையும் புனைந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே தொனியில் வருவதே ஆபத்தாகும். அடிப்படை எழுத்தையும் அகராதி பார்க்கும் முறையையும் கற்றவருக்கு அது நல்ல வேலையாள். கல்லாதவருக்கு அது தவறான எசமானாகிவிடும்.

பூனாகலையில் என்ன செய்யலாம்?

பெரும் செலவுத் திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆலயமொன்றிலோ வாசிகசாலையிலோ வாரத்தில் ஒரு மாலை பத்துப் பேர் கூடுவது போதுமானது. பழைய கணனி ஒன்றில் மேற்கூறிய மென்பொருள்களைப் பண்டாரவளை நகரிலேயே நிறுவிக் கொண்டுவரலாம். முதல் மாதம் எழுத்துக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். எபிரேய ஒலிகளைத் தமிழெழுத்தில் எழுதிக் கற்பிப்பதைத் தவிர்ப்பது நல்லது. தமிழின் 'ஹ' ஒன்றே எபிரேயத்தின் இருவேறு எழுத்துக்களுக்கு நிற்க வேண்டியிருப்பதால் குழப்பமே மிஞ்சும். ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவதே சிறந்தது.

கணனியில்லாதவர்கள் அட்டைகளைப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் எபிரேயச் சொல்லும் மறுபக்கம் தமிழ்ப் பொருளும் எழுதி, ஐந்து பெட்டிகளில் இடவேண்டும். சரியாகக் கூறிய சொல் அடுத்த பெட்டிக்கு நகரும்; தவறிய சொல் முதற் பெட்டிக்குத் திரும்பும். பின்பெட்டிகளை நீண்ட இடைவெளியிற் பார்த்தாற் போதும். கணனி செய்வதும் இதனையே.

ஆசிரியருக்கு எங்கு செல்வது என்ற வினா எழலாம். இறையியற் கல்லூரியிற் கற்ற குருமார் மாதமொரு முறை வரலாம். வெலிமடை, குருத்தலாவை, பதுளைப் பகுதிகளில் அரபு கற்ற மௌலவிமார் உள்ளனர். வேர்ச்சொல் முறையை அவர்களைவிடத் தெளிவாக விளக்கக் கூடியவர் வேறெவரும் இலர். வேதமொழி வகுப்பொன்றில் மௌலவியும் குருவானவரும் அருகருகே நின்று ஒரே வேரை இரு மொழிகளில் எழுதிக் காட்டுவது மதமாற்ற முயற்சியாகாது. மொழிப் பாடமே ஆகும். அவ்வெல்லையை இரு தரப்பினரும் தொடக்கத்திலேயே தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும்.

கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர்களுக்கே தட்டுப்பாடு நிலவும் தோட்டத்துப் பிள்ளைக்கு எபிரேயம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்மீது இதனைச் சுமத்தக் கூடாது. பிரசங்கம் செய்பவர்கள், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள், கல்வியை இடையில் நிறுத்திய இளைஞர்கள் ஆகியோருக்கே இது முதலில் உரியது. ஆனால், மேலான அறிவு நகரத்தாருக்கு, அடிப்படை அறிவு மட்டும் தோட்டத்தாருக்கு என்ற பிரிவினையை ஏற்றுக்கொள்ளவும் முடியாது. மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தோம். அவ்வளவு காலமும் இச்சமூகம் தன் கூலியையும், உரிமையையும், வேதத்தையும் பிறர் வாசித்துக் கூறவே கேட்டு வந்துள்ளது. தானே வாசிக்கும் திறன் எத்துறையிற் கிடைத்தாலும் அது விடுதலையின் ஒரு படியாகும்.

அறியாமை விளைவிக்கும் அச்சம்

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர், அரபெழுத்தே சந்தேகத்திற்குரியதாகப் பார்க்கப்பட்டது. பல இடங்களில் அரபுப் பெயர்ப் பலகைகள் அகற்றப்பட்டன. குற்றமேதும் செய்யாத குடும்பங்கள் தம் வீட்டிலுள்ள அரபு நூல்களை வைத்திருக்கவே அஞ்சின. வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. அதே காலத்திலிருந்து, முன்பின் தொடர்பின்றிப் பிய்த்தெடுத்த வேதவரிகள், இவருடைய வேதம் இவ்வாறு கூறுகின்றது என்ற குறிப்புடன் சமூக ஊடகங்களில் இரு பக்கமும் பரப்பப்பட்டு வருகின்றன. தொலைபேசி வழியே வரும் இவ்வஞ்சகத்திற்கு மாற்றும் அதே தொலைபேசியில் உள்ளது. மூலத்தைத் திறந்து, முன்பின் வசனங்களை வாசித்து, சொல்லின் வேரைப் பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் ஓர் ஊரில் இருப்பின், அங்கு பொய் எளிதிற் செல்லுபடியாகாது.

எனவே, திருச்சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்திற் கவனஞ் செலுத்துவது காலத்தின் தேவையாகும். தமிழ் வழியிலான எபிரேய, கிரேக்க அடிப்படைப் பாடத்தொகுதியொன்று இணைப்பின்றி இயங்கும் வகையில் முதலில் உருவாக்கப்பட வேண்டும். அரபு கற்றோருக்கான எபிரேய அறிமுகம் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். பரீட்சார்த்தமாக ஊவாவின் சில தோட்டங்களில் அது நடத்திப் பார்க்கப்பட வேண்டும். கொழும்பில் ஒரு தமிழர் கிரேக்க மூலத்தைத் தமிழாக்கி இரண்டரை நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அன்று அதற்கு ஒல்லாந்தரின் செமினறி தேவைப்பட்டது. இன்று நினைவட்டை ஒன்றும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும், பூனாகலைக்குச் செல்லும் பேருந்தும் போதுமானவை.